நான் படித்த மூன்று புத்தகங்கள்

(வாசகர் வட்டக் கூட்டத்தில் ஒரு கற்போர் பேசியது)



டீச்சர் என்னைப் பேசச் சொன்னார். எனக்குக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுத்தான் பழக்கம். முன்னால் நின்றால் கால் நடுங்குகிறது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆண்டு மூன்று புத்தகங்கள் படித்தேன். மூன்றையும் நானே முழுவதும் படித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஒன்றைத் தமிழில் நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதற்கு நான்கு மாதம் ஆயிற்று. இன்னொன்று இந்தியில் இருந்தது. இந்த டில்லிக்கு வந்து இருபது வருஷம் ஆனதால் இந்தி பேசினால் எனக்குப் புரியும். ஆனால் அந்த எழுத்து வராது. என் மகள் வாசித்தாள், நான் கேட்டேன். மூன்றாவது வங்காளத்துப் புத்தகம். அதை டீச்சர் நான்கு மாலைகளில் நமக்குக் கதையாகச் சொன்னார். உங்களில் பலரும் அதைக் கேட்டிருக்கிறீர்கள்.

முதல் புத்தகம் 'கோதானம்'. இது நாவல். அதாவது நீளமான கற்பனைக் கதை. எழுதியவர் பிரேம்சந்த். காசிக்குப் பக்கத்தில் லம்ஹி என்ற கிராமத்தில் 1880இல் பிறந்தவர். சொந்தப் பெயர் தனபத் ராய். இந்த நாவல் 1936இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவர் காலமானார்.

கதை பெலாரி என்ற கிராமத்தில் நடக்கிறது. ஹோரி என்று ஓர் ஏழை விவசாயி. அவன் மனைவி தனியா. ஹோரிக்கு ஒரே ஓர் ஆசை. வாசலில் ஒரு பசு கட்டியிருக்க வேண்டும். அவ்வளவுதான். போலா என்ற மாட்டுக்காரனிடம் கடனுக்குப் பசு வாங்கி வருகிறான். ஊரே வந்து பார்க்கிறது. அவனுடைய சொந்தத் தம்பிக்குப் பொறாமை. பசுவுக்கு விஷம் வைத்துவிட்டு ஓடிப்போகிறான்.

பசு போய்விட்டது. ஆனால் பசுவின் கடன் போகவில்லை. அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இரண்டு நாள் தொடவில்லை.

ஹோரிக்கு அந்த ஒரு கடன் மட்டும் இல்லை. எருது வாங்க ஒருவரிடம் 60 ரூபாய் வாங்கியிருந்தான். அதில் 60 ரூபாய் கட்டியும் விட்டான். ஆனால் அந்த 60 அப்படியே நிற்கிறது! உருளைக்கிழங்கு போடுவதற்கு இன்னொருவரிடம் 30 ரூபாய் வாங்கினான். கிழங்கைத் திருடன் தோண்டிக்கொண்டு போனான். மூன்று வருஷத்தில் அந்த 30 ரூபாய் 100 ரூபாய் ஆகிவிட்டது. படிக்கும்போது நான் சுவரில் கரித்துண்டால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் மகள் சிரித்தாள்.

அழுகையாகவே இருக்கும் என்று நினைக்காதீர்கள். வயிறு வலிக்கச் சிரிக்கிற இடமும் உண்டு. ஹோரியின் மகன் கோபர் பட்டணத்துக்கு ஓடிப்போய்ச் சம்பாதித்துத் திரும்பி வருகிறான். ஹோலிப் பண்டிகைக்கு ஊர் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு கேலி நாடகம் போடுகிறான். அதில் ஒரு விவசாயி பண்ணையாரிடம் 10 ரூபாய் கடன் கேட்கிறான். பண்ணையார் பத்து ரூபாய்க்குப் பத்திரம் எழுதிக்கொள்கிறார். ஆனால் கையில் ஐந்து ரூபாய்தான் வைக்கிறார். மீதி எங்கே என்று கேட்டால் கணக்குச் சொல்கிறார். காணிக்கைக்கு ஒரு ரூபாய், எழுத்துக் கூலி ஒன்று, காகிதத்துக்கு ஒன்று, மாமூல் ஒன்று, வட்டி ஒன்று. சரியாகப் போயிற்றா? விவசாயி அந்த ஐந்தையும் திருப்பி நீட்டுகிறான். "இதையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறான். இளைய எஜமானிக்குக் காணிக்கை ஒன்று, மூத்த எஜமானிக்கு ஒன்று. இருவரும் வெற்றிலை போட ஆளுக்கு ஒன்று. கடைசி ஒரு ரூபாய் எதற்குத் தெரியுமா? பண்ணையாரின் கருமாதிச் செலவுக்கு!

சிரித்து முடித்த பிறகுதான் எனக்குச் சுருக்கென்றது. நானும் அந்த விவசாயிபோலக் கடன் வாங்கியவள்தான். போன வருஷம் எங்கள் சந்தில் பத்துப் பெண்கள் சேர்ந்து குழுக் கடன் எடுத்தோம். எனக்கு எழுதியது 20,000 ரூபாய். கைக்கு வந்தது 18,600. அப்போது நான் கேட்கவே இல்லை. கையெழுத்துப் போடத் தெரிந்தும், எதில் போடுகிறேன் என்று பார்க்காமல் போட்டேன். கைநாட்டு வைப்பதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

நாடகத்தைப் படித்த மறுநாள் டிரங்குப் பெட்டியில் இருந்து அந்தக் காகிதத்தை எடுத்தேன். தமிழில் இல்லை. டீச்சரிடம் கொடுத்து வரி வரியாகச் சொல்லச் சொன்னேன். கட்டணம் என்று ஒரு தொகை. காப்பீடு என்று ஒரு தொகை. இரண்டும் சேர்ந்து 1,400. சரி, அது விதியாக இருக்கலாம். நான் குறை சொல்லவில்லை. ஆனால் காப்பீடு யாருக்கு, செத்தால் யாருக்குப் பணம் வரும் என்று வசூலுக்கு வந்த தம்பியைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று போனார். மூன்று வாரம் ஆயிற்று. நான் ஒவ்வொரு வாரமும் கேட்கிறேன்.

மறுபடி கதைக்கு வருகிறேன். எனக்கு ஹோரிமேல் கோபம். கோபரும் போலாவின் விதவை மகள் ஜுனியாவும் ஆசைப்பட்டுவிடுகிறார்கள். அவள் கர்ப்பமாகிறாள். கோபர் அவளை வீட்டு வாசலில் விட்டுவிட்டு ஓடிவிடுகிறான். தனியா முதலில் சீறுகிறாள். பிறகு அந்தப் பெண்ணின் நிலையைப் பார்த்து வீட்டுக்குள் சேர்த்துக்கொள்கிறாள். அதற்காக ஊர்ப் பஞ்சாயத்து அபராதம் போடுகிறது. 100 ரூபாய் பணம், 30 மணங்கு தானியம். ஒரு மணங்கு என்றால் சுமார் 37 கிலோ. அப்படியானால் ஆயிரம் கிலோவுக்கு மேல்! ஹோரி மறுபேச்சுப் பேசாமல் தன் தலையிலேயே தானியத்தைச் சுமந்துகொண்டு போய்க் கொட்டுகிறான். பஞ்சாயத்து சொன்னால் தெய்வம் சொன்னமாதிரி அவனுக்கு. தனியா அப்படி இல்லை. பசு செத்தபோது போலீசு அதிகாரிக்குக் கொடுக்க ஹோரி கடன் வாங்கி முடிந்துகொண்டு போன பணத்தை அவள் இழுத்துச் சிதற அடிக்கிறாள். அத்தனை பேர் முன்னால் எங்கள் வீட்டில் சோற்றுக்கு வழியில்லை, இவனுக்கு எதற்குப் பணம் என்று கேட்கிறாள். அந்தப் பக்கத்தை நான் எதிர்வீட்டு அக்காவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

முடிவில் ஹோரிக்கு நிலமும் இல்லாததுபோலத்தான். கூலிக்குச் சரளைக்கல் தோண்டும்போது அனல் காற்றில் சுருண்டு விழுகிறான். சாகும்போது புரோகிதருக்குப் பசு தானம் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். அதுதான் கோதானம். வாழ்நாள் முழுவதும் ஒரு பசுவுக்கு ஏங்கியவன் வீட்டில் ஏது பசு? தனியா கயிறு திரித்துச் சம்பாதித்த 20 அணா வீட்டில் இருக்கிறது. பழைய கணக்கில் 16 அணா ஒரு ரூபாய். அந்த ஒன்றேகால் ரூபாயைப் புரோகிதர் கையில் வைத்து, இதுதான் தானம் என்று சொல்லி மயங்கி விழுகிறாள். கதை அதோடு நின்றுவிடுகிறது.

நகரத்துப் பெரிய மனிதர்கள் விருந்தில் உட்கார்ந்து பேசுகிற பக்கங்களும் இந்த நாவலில் நிறைய உண்டு. அவை எனக்கு நீளமாகத் தெரிந்தன. சிலவற்றைத் தாண்டிவிட்டேன். டீச்சர் கோபிக்க வேண்டாம்.

இரண்டாவது புத்தகம் கற்பனை இல்லை. 'ஆலோ ஆந்தாரி'. வங்க மொழியில் 'ஆலோ' என்றால் வெளிச்சம். இருளும் வெளிச்சமும் என்று பெயருக்குப் பொருள் சொன்னார்கள். எழுதியவர் பேபி ஹால்தார். 1973இல் பிறந்தவர். நம்மைப்போல வீட்டு வேலை செய்தவர். அதுவும் இங்கே பக்கத்தில், குர்கானில். இப்போது குருகிராம் என்கிறோமே, அங்கேதான்.

சின்ன வயதில் அவருடைய அம்மா வீட்டைவிட்டுப் போய்விடுகிறார். போகும்போது மகள் கையில் ஒரு பத்துப் பைசாவை வைத்துவிட்டுப் போகிறார். பதின்மூன்று வயது நிறையும் முன்னே கல்யாணம். மாப்பிள்ளைக்கு இரண்டு மடங்கு வயது. அடி, உதை. இருபத்தைந்து வயதில் மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறி டில்லிப் பக்கம் வந்துவிடுகிறார். சில வீடுகளில் பட்ட பாட்டை எழுதியிருக்கிறார். அதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டாம். உங்களுக்கே தெரியும்.

பிறகு பிரபோத் குமார் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர் வீட்டில் வேலை கிடைக்கிறது. புத்தக அலமாரியைத் தூசி தட்டும்போது பேபி வங்கப் புத்தகங்களைத் திறந்து திறந்து பார்க்கிறார். அதை அவர் கவனிக்கிறார். திட்டவில்லை. தஸ்லிமா நஸ்ரின் எழுதிய சுயசரிதையை எடுத்துக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார். பிறகு ஒரு நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுத்து, உன் கதையை எழுது என்கிறார். பள்ளிக்கூடம் விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. எழுத்துப்பிழை வருகிறது. ஆனாலும் வேலைக்கு நடுவிலும், பிள்ளைகள் தூங்கிய பிறகும் பேபி எழுதுகிறார். அவர் வங்க மொழியில் எழுதியதைப் பேராசிரியரே இந்தியில் மொழிபெயர்க்கிறார். 2002இல் முதலில் இந்தியில்தான் புத்தகம் வந்தது.

இந்தப் பேராசிரியர் யார் தெரியுமா? பிரேம்சந்தின் பேரன்! இதை டீச்சர் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. தாத்தா எழுதியது தனியாவின் கதையை. பேரன் வீட்டில் வேலை செய்த பெண் தன் கதையைத் தானே எழுதிவிட்டார்.

ஒன்று கவனித்தேன். புத்தகத்தில் "நான்" என்று எழுதிக்கொண்டே வருகிறவர், சில இடங்களில் "பேபி" என்று எழுதுகிறார். யாரோ ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல. "ஏம்மா இப்படி?" என்று மகள் கேட்டாள். "அந்த இடத்தில் நான் என்று எழுதக் கை வராது, கண்ணு" என்றேன். அது எனக்குப் புரிந்தது. அவளுக்குப் புரிய வேண்டாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. நானும் ஒரு வீட்டில் ஒன்பது வருஷம் புத்தக அலமாரி துடைத்தேன். ஒரு நாள் படம் போட்ட புத்தகம் ஒன்றைத் திறந்து பார்த்தேன். "கை ஈரம், வை கீழே" என்றார்கள். கை ஈரமாகத்தான் இருந்தது.

மூன்றாவது புத்தகம் 'ஆமார் ஜீபன்'. 'என் வாழ்க்கை' என்று அர்த்தம். ராஸ்சுந்தரி தேவி எழுதியது. வெளிவந்து ஏறக்குறைய 150 ஆண்டுகள் ஆகின்றன. வங்க மொழியில் முதல் முழுத் தன்வரலாறு இதுதான் என்கிறார்கள். எழுதியது ஒரு பெண்! பெரிய வீட்டு மருமகள். பன்னிரண்டு வயதில் கல்யாணம். பன்னிரண்டு பிள்ளைகள் பெற்றார். பல பிள்ளைகளைப் பறிகொடுத்தார். பெண் படித்தால் தாலி அறுத்துவிடுவாள் என்று நம்பிய காலம் அது.

அவருக்கு எவ்வளவு பயம் என்று கேளுங்கள். வீட்டுக்காரருக்கு ஒரு குதிரை உண்டு. ஜயஹரி என்று பெயர். ஒரு நாள் அது முற்றத்தில் குவித்திருந்த நெல்லைத் தின்கிறது. இவர் விரட்டவில்லை. உள்ளே ஒளிந்துகொள்கிறார். கடிக்கும் என்ற பயம் இல்லை. அது புருஷனுடைய குதிரை. அதன் கண்ணில் படலாமா என்ற பயம்! இதை டீச்சர் சொன்னபோது இந்தக் கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போனதும், மாமனாரின் செருப்பைத் தாண்டாமல் சுற்றிப் போன நாள்கள் நினைவுக்கு வந்தன.

அப்படிப்பட்டவர் என்ன செய்தார்? சைதன்ய பாகவதம் என்ற ஏட்டைப் படிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அது வீட்டிலேயே இருந்தது. அதில் இருந்து ஒரே ஓர் ஏட்டை உருவி, சமையல்கட்டில் ஒளித்து வைத்தார். மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் எடுத்துக்கொண்டார். ஓலையில் உள்ள எழுத்தையும் ஏட்டில் உள்ள எழுத்தையும் ஒத்துப் பார்த்தார். சிறு வயதில் தன் அப்பா வீட்டில் பையன்கள் உரக்கப் படித்தது காதில் விழுந்திருந்தது. அதை நினைவில் இருந்து தேடி எடுத்தார். ஏடு இடது கையில். அடுப்பில் சோறு. தலையில் முக்காடு. யாராவது வந்தால் மறைத்துக்கொள்வார். டீச்சர் இல்லை, பலகை இல்லை, இந்த மாதிரி விளக்கு இல்லை. இப்படியே வாசிக்கக் கற்றுக்கொண்டார்.

எழுதுவதற்கு இன்னும் பல வருஷம் ஆயிற்று. வெளியூரில் படித்த மகன், "நான் கடிதம் போட்டால் நீங்கள் பதில் போடுவதில்லையே அம்மா" என்று கேட்டு, காகிதமும் மையும் கொண்டுவந்து கொடுத்தான். அதற்குப் பிறகுதான்.

அவருடைய அம்மா சாகக் கிடந்தபோது போய்ப் பார்க்க அவரை அனுப்பவில்லை. மகனாகப் பிறந்திருந்தால் பறந்து போயிருப்பேனே என்று அழுகிறார். இதைக் கேட்ட அன்று இரவு நான் தூங்கவில்லை. என் அம்மா ஊரில் போனபோது நான் இங்கே இருந்தேன். வேலை செய்த வீட்டில் விருந்து என்று விடவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் ரயில் ஏறினேன். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளிடம் பழைய நோட்டு ஒன்றை வாங்கினேன். மகளுடைய கணக்கு பாதிப் பக்கம்வரை இருந்தது. மீதிப் பாதியில் அம்மாவைப் பற்றி எழுதத் தொடங்கியிருக்கிறேன். பதினோரு வரி ஆகியிருக்கிறது. "ர"வும் "ற"வும் குழப்புகிறது. மகள் திருத்தட்டுமா என்றாள். இப்போது வேண்டாம் என்றேன்.

நேரம் ஆகிவிட்டது. நாளைக்கு எல்லோருக்கும் வேலை இருக்கிறது. 'கோதானம்' புத்தகம் இப்போது எதிர்வீட்டு அக்காவிடம் இருக்கிறது. நூறாவது பக்கத்தைத் தாண்டிவிட்டார் என்று கேள்வி. அடுத்து வேண்டும் என்கிறவர்கள் டீச்சரிடம் உள்ள நோட்டில் பெயர் எழுதுங்கள். கடன் காகிதம் வைத்திருப்பவர்கள் அதை அடுத்த வெள்ளிக்கிழமை எடுத்து வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.