பாங்காக்கில் திருத்திய விடை



"ஐயா, திருவெம்பாவை தமிழகத்துக்கு அப்பாலும் ஓதப்படுகிறதா?" என்று முன்னொரு நாள் வகுப்பில் ஒரு மாணவன் வினவினான். "இல்லை" என்று சட்டென விடையிறுத்து அவனை அமரச் செய்தேன். ஓய்வு பெற்றபின் தாய்லாந்தின் தலைநகராகிய பாங்காக்கைக் காணச் சென்றபோதுதான் அவ்விடை பிழையென உணர்ந்தேன்.

1782-ஆம் ஆண்டில் முதலாம் இராமர் என்னும் மன்னர் சாவ் பிரயா ஆற்றங்கரையில் நிறுவிய தலைநகர் அது. காலையில் படகேறினால் ஒரு கரையில் வாட் அருண் கோபுரத்தையும், மறுகரையில் அரண்மனையையும் காணலாம். அரண்மனையை அடுத்த வாட் போ விகாரத்தில் 46 மீட்டர் நீளத்தில் புத்தர் பள்ளிகொண்டிருக்கிறார். மருத்துவம், இலக்கியம் முதலியவற்றை யாவரும் கற்குமாறு மூன்றாம் இராமர் அங்கே கல்லில் பொறிக்கச் செய்தார். கல்லும் அங்கே ஆசிரியர்தான்!

சற்றுத் தொலைவில், செந்நிறத் தேக்குத் தூண்களோடு மாபெரும் ஊஞ்சல் ஒன்று நிற்கிறது. விபத்துகள் நேர்ந்தமையால் 1935-இல் அதில் ஆடுவது நிறுத்தப்பெற்றது. ஆயினும் அருகிலுள்ள பிராமணர் கோயிலில் அவ்விழாச் சடங்குகள் ஆண்டுதோறும் நிகழ்கின்றன. விழாவின் பெயர் 'திரியம்பவாய்'; திருவெம்பாவை என்பதன் திரிபே அது. பொருள் மறைந்தும் அப்பாடல்களின் ஒலியைக் குருமார் வழிவழியாகக் காத்து வந்துள்ளனர்.

அம்மாணவன் இன்று எங்குள்ளான் என அறியேன். வானொலி வழியே அவனுக்குச் சொல்கிறேன்: தம்பி, உன் வினா நன்று, என் விடையே பிழை.

நீங்கள் அந்நகர் சென்றால் அவ்வூஞ்சலின்முன் சிறிது நேரம் நில்லுங்கள்.