அடுத்து என்ன படிக்கலாம்?

2020 மார்ச் 25ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கியபோது பால் கிடைத்தது, மருந்து கிடைத்தது, வரிசையில் நின்றால் காய்கறியும் கிடைத்தது. புத்தகம் கிடைக்கவில்லை. நூலகங்களுக்குப் பூட்டு, புத்தகக் கடைகளுக்குப் பூட்டு, கூரியர்காரரும் வரவில்லை. அத்தியாவசியப் பொருள்களில் நாவலைச் சேர்க்கவில்லை என்று யாரும் கோபப்படவும் முடியாது. வாசிக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டார்கள். "சாப்பிட்டாச்சா, உடம்பு பரவாயில்லையா" என்பதற்குப் பிறகு மூன்றாவதாக ஒரு கேள்வி வந்தது: "அடுத்து என்ன படிக்கலாம்?"

இந்தக் கேள்விக்குப் பலர் பட்டியல் அனுப்பினார்கள். 'இறப்பதற்குள் படிக்க வேண்டிய நூறு நாவல்கள்' என்று வாட்ஸ்அப்பில் வந்து விழும். அந்த நாள்களில் அந்தத் தலைப்பே அபசகுனம்! அனுப்புகிறவருக்கு அது ஒரு நிமிட வேலை. பெறுகிறவர் மேலிருந்து கீழே பார்த்து மலைத்துப்போய், பேசாமல் டிவியைப் போட்டுவிடுவார். என் கட்சி வேறு. ஒரு மனிதருக்கு ஒரு நாவல், அவ்வளவுதான். அதைச் சொல்வதற்கு அந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். "உங்களுக்கு எந்த மாதிரி நாவல் பிடிக்கும்?" என்று கேட்டால் எல்லோரும் சபைக்கு ஏற்ற பதிலைத்தான் சொல்வார்கள். "சோறு ஆறிப்போனதுகூடத் தெரியாமல் கடைசியாக எந்தப் புத்தகத்தைப் படித்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், உண்மை வெளியே வரும்.

அந்த வசந்தத்தில் உலகமெங்கும் அதிகம் பேசப்பட்ட நாவல்களில் ஒன்று, ஆல்பெர் காம்யு 1947இல் வெளியிட்ட கொள்ளைநோய் நாவல். அல்ஜீரியாவில் ஓரான் என்ற ஊர். முதலில் எலிகள் செத்து விழுகின்றன, பிறகு மனிதர்கள். ஊரின் வாயில்களை அடைத்துவிடுகிறார்கள். பொருத்தமான கதைதான். ஆனால் காய்ச்சலோடு தனியறையில் படுத்திருப்பவரிடம் போய் இதைப் படியுங்கள் என்றால், அது பரிந்துரை இல்லை, மிரட்டல். திடமாக இருப்பவர்களுக்குத் தாராளமாகச் சொல்லலாம். அதில் கிராண் என்று ஒரு குமாஸ்தா வருவார், அவரை விட்டுவிடாதீர்கள் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊரே செத்துக்கொண்டிருக்கிறது, அவரோ தான் எழுதப்போகும் நாவலின் முதல் வாக்கியத்தைத் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டே இருக்கிறார். அவரைப் பார்த்துச் சிரிப்பதா வணங்குவதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நமக்கு இன்னும் பக்கத்தில் இருப்பது யு.ஆர். அனந்தமூர்த்தியின் 'சம்ஸ்கார'. 1965இல் வந்த கன்னட நாவல், தமிழிலும் உண்டு. ஓர் அக்ரகாரம். ஆசாரங்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு வாழ்ந்த நாரணப்பா காய்ச்சலில் இறந்துபோகிறான். அவனுக்குக் கொள்ளி வைப்பது யார் என்று முடிவாகாமல் உடல் கிடக்கிறது. அது பிளேக் என்பது அங்கே யாருக்கும் புரியவில்லை. 2020 ஏப்ரலில் சென்னையில், தொற்றால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் ஆம்புலன்ஸைத் தாக்கி விரட்டியது, நினைவிருக்கும். அந்தச் செய்தியைப் படித்த கணத்தில் எனக்கு நாரணப்பாவின் வீட்டு வாசல்தான் கண்ணில் வந்து நின்றது. இந்த நாவலை அதற்கு முன்பு சொல்லியிருந்தால் பழைய கதை என்றிருப்பார்கள்.

சரி, புத்தகத்தின் பேரைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்ததா? ஊரடங்கு தொடங்கிய அதே மார்ச் மாதம் அமெரிக்காவில் வாழும் எழுத்தாளர் யியுன் லீ, 'எ பப்ளிக் ஸ்பேஸ்' என்ற இலக்கியப் பத்திரிகையோடு சேர்ந்து ஒரு காரியம் செய்தார். டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலைத் தினமும் பன்னிரண்டு, பதினைந்து பக்கம் படிப்போம், வாருங்கள் என்றார். ஒரு நாளைக்கு அரைமணி நேரம் போதும். எந்தெந்த நாட்டிலோ வீட்டுக்குள் அடைபட்டிருந்தவர்கள் அதே நாளில் அதே பக்கங்களைப் படித்து, மனதில் பட்டதை எழுதிப் பகிர்ந்துகொண்டார்கள். 85 நாளில் அந்தப் பெரிய நாவல் முடிந்தது. தனியாக எடுத்திருந்தால் முதல் விருந்துக் காட்சியில் வரும் ரஷ்யப் பெயர்களிலேயே பாதிப் பேர் மூடி வைத்திருப்பார்கள். தமிழில் இதை 'போரும் வாழ்வும்' என்று பெயர்த்தவர் டி.எஸ். சொக்கலிங்கம், 'தினமணி'யின் முதல் ஆசிரியர். நாலு பேராகச் சேர்ந்து எடுத்தால் அதையும் முடித்துவிடலாம்.

தவணை முறையில் படிப்பது நமக்கு ஒன்றும் புதிதில்லையே. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்த தொடர்கதை. இதழ் வந்ததும் யார் முதலில் படிப்பது என்று வீட்டில் சண்டை. படித்தவர் மற்றவர்கள் படிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. தொடரின் பக்கங்களைக் கிழித்து, மணியம் வரைந்த ஓவியங்களோடு சேர்த்து பைண்டு பண்ணி வைப்பார்கள். அந்த பைண்டு புத்தகம் தெருவெல்லாம் சுற்றும். பின்பக்கத்தில் சோப்பு விளம்பரம், பாதி அறுந்த ஜோக். ஓரத்தில் யாரோ ஒரு மாமி பென்சிலால் 'நந்தினியை நம்பாதே' என்று எழுதியிருப்பார். அதைவிட நல்ல சிபாரிசை நான் எந்தப் பட்டியலிலும் பார்த்ததில்லை.

ஊரடங்கின்போது அந்தப் புத்தகங்களின் இடத்துக்குப் பிடிஎஃப் வந்தது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற மின்னூல் முயற்சியின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் நேற்று வெளியான நாவலை ஸ்கேன் எடுத்துக் குழுவில் போட்டுவிட்டு, "படித்து மகிழுங்கள்" என்றார்கள் சிலர். அதை எழுதியவரும் ஊரடங்கில்தான் ஐயா இருந்தார்!

ஊரடங்கு போனாலும் வீட்டோடு இருப்பவர்கள் இருக்கிறார்கள். காலில் கட்டுப் போட்டிருப்பவர்கள், பச்சை உடம்புக்காரிகள், பிள்ளைகள் வெளியூர் போய்த் தனித்திருக்கும் பெரியவர்கள். ஊரடங்கின்போது எங்கள் குடியிருப்பில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக இருந்தார். அவரிடம் அந்த ஆறிப்போன சோற்றுக் கேள்வியைக் கேட்டேன். கொஞ்சம் கூச்சத்தோடு, "சாண்டில்யன்தான்" என்றார். நான் சொன்னது ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு'. 1964இல் வந்த சின்ன நாவல், குமரி மாவட்டத்துப் பனைவிளைக் கிராமத்தில் நடப்பது. லிஸி என்ற பெண் பெரியவளானதும் படிப்பை நிறுத்தி வீட்டோடு இருத்திவிடுகிறார்கள். பனையேறும் தங்கராஜின் மேல் மனசு போகிறது, கால் வாசலைத் தாண்டக் கூடாது. தினம் கொஞ்சம் படிப்பது, சாயங்காலம் போனில் பேசுவது என்று ஏற்பாடு.

இரண்டாம் நாளே அவர் கோபமாகக் கூப்பிட்டார். "என்னங்க, நாம இருபத்தோரு நாளுக்கு இந்தப் புலம்பு புலம்பறோம். இந்தப் பொண்ணுக்கு யாரு தேதி சொன்னா?" என்றார். பிறகு தன் அக்காவைப் பள்ளியிலிருந்து நிறுத்திய கதையைச் சொன்னார். நாவலைவிட அது நீளம்.

முடித்ததும், "இப்ப என் முறை" என்று எனக்குச் சாண்டில்யனின் 'கடல் புறா'வைச் சொன்னார். மூன்று பாகம். "வெளியில போக முடியலைன்னு ஏங்கறீங்க இல்ல, கடல்ல போயிட்டு வாங்க" என்றார். கடல்தான் வேண்டுமென்றால் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' இருக்கிறதே என்று இழுத்தேன். "நீங்க இதை முடிங்க, நான் அதைப் படிக்கறேன்" என்று பேரம் பேசிவிட்டார். நான் இரண்டாம் பாகத்தில் இருந்தபோது ஊரடங்கைத் தளர்த்திக் கடைகளைத் திறந்துவிட்டார்கள். ஆனாலும் கீழே வைக்க வழியில்லை, சாயங்காலம் போன் வருமே!