கல்லீரல் காட்டும் குறிகள்



வலப்பக்க விலா எலும்புகளுக்கு அடியில், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள கல்லீரல் ஓசையின்றி வேலை செய்கிறது. இரத்தத்திலுள்ள நச்சை நீக்குவதும், இரத்தம் உறைவதற்கான புரதங்களை உண்டாக்குவதும் அதன் பணிகளுட் சில. பெருமளவு பழுதான பின்னரும் அது வலியால் முறையிடுவது அரிது. ஆகவே, நோயாளி உணருமுன் வீட்டார் கண்ணில் குறிகள் படுவதுண்டு.

நாங்களும் கண்டோம், ஆனால் புரிந்துகொள்ளவில்லை. எங்கள் அண்ணன் லோரி ஓட்டுநர். மாலையானால் சம்சு அருந்துவது பல்லாண்டுப் பழக்கம். கால்சட்டை இடுப்பில் இறுகியபோது, "அண்ணியின் சமையல்" என்று சிரித்தோம். தோளும் கையும் மெலிந்ததை எவரும் கவனிக்கவில்லை. கைகால் மெலிய, வயிறு மட்டும் பெருத்தால் நீர் கோத்திருக்கிறதோ என்று ஐயுற வேண்டும். மகோதரம் என்று நம் பெரியோர் சொன்னது இதைத்தான்.

பிறகு கண்வெள்ளை மஞ்சளித்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். அசுத்தமான உணவாலும் நீராலும் பரவும் 'ஹெப்பாடிட்டிஸ் ஏ' காமாலை பெரும்பாலோர்க்குத் தானே தணிந்துவிடும். புகழ் கீழாநெல்லிக்குப் போய்விடும்! எல்லாக் காமாலையும் அத்தகையதன்று. மூன்று வாரங்களை இவ்வாறு வீணாக்கினோம்.

ஒரு நாள் இரவெல்லாம் விழித்திருந்து பகலெல்லாம் உறங்கினார். மகளின் பெயர் வாயில் வரவில்லை. மலம் தார்போல் கறுத்திருந்தது. இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. உணவுக்குழாயில் புடைத்த இரத்தக்குழாய் வெடித்திருந்தது. கல்லீரல் நீக்கத் தவறிய நச்சு மூளையைக் குழப்பியிருந்தது.

மருத்துவமனையில் அக்குழாய்களை வளையமிட்டுக் கட்டினர். வயிற்று நீரை வடித்தனர். மதுவை அங்கேயே நிறுத்தியதும் நல்லதாயிற்று. நாட்பட்டுக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் வரலாம். 'ஹெப்பாடிட்டிஸ் பி' கிருமிக்கும் இரத்தம் சோதித்தனர். மலேசியாவில் பிறந்த குழந்தைகளுக்கு அதன் தடுப்பூசி 1989 முதல் போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்தவர்கள், குடிக்காதவர்களாயினும், ஒருமுறை சோதித்துக்கொள்ளலாம்.

வீடு திரும்பியபின்தான் உண்மையான பாடு. கருவாடு, ஊறுகாய், கிச்சாப்பு, பொட்டல மீ ஆகியவை அடுக்களையை விட்டு வெளியேறின. உப்பு நீரைத் தேக்கும் அன்றோ? காலைதோறும் எடை பார்த்து எழுதினோம். மலச்சிக்கல் வந்தால் குழப்பம் திரும்பும். அதற்கு லேக்டுலோஸ் என்னும் இனிப்புப் பாகு. உறவினர் சிலர் கஞ்சி மட்டும் கொடுக்கச் சொன்னார்கள். மருத்துவரோ மீனும் முட்டையும் பருப்பும் வேண்டும், படுக்குமுன் சிற்றுண்டியும் வேண்டும் என்றார். மூட்டுவலிக்குக் கடையில் மாத்திரை வாங்குவதைத் தடுத்துவிட்டார்.

இரண்டாம் மாதத்தில் அண்ணன் எவருடனும் பேசவில்லை. பழைய நண்பர்கள் வாசலில் அழைத்தபோது அண்ணிதான் எழுந்து போனார். நான்காம் மாதம் கண் தெளிந்தது. நீர் வற்ற ஓராண்டு ஆயிற்று. கல்லீரலின் தழும்பு முழுதும் மறையவில்லை. ஆறு மாதத்துக்கொருமுறை ஸ்கேன் எடுக்கிறார். லோரியை விட்டுவிட்டுக் கிடங்கில் கணக்கெழுதுகிறார். சென்ற தீபாவளிக்குப் பழைய இடைவாரை எடுத்து அணிந்தார். மூன்றாம் துளைக்கு வந்திருந்தது.