யன்னலடியில் ஒரு நாள்



முறைமைப் பகுப்பாய்வுக்குத் தகவல் திரட்ட நேர்காணல், வினாக்கொத்து, ஆவணம், அவதானிப்பு என்று உயர்தரத் தங்கைமார் பாடமாக்கியிருப்பீர்கள். நான்காவதைத்தான் பலர் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

2020 ஜனவரியில் கொரோனா பரவத் தொடங்கியபோது, ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் டி.எச்.ஐ.எஸ். 2 மென்பொருளில் பயணிகளைப் பதிந்து கண்காணிக்கும் முறையை நம் நாட்டிலேதான் முதலில் அமைத்தார்கள். பிறகு பல நாடுகள் எடுத்துக்கொண்டன. அமைத்தவர்களில் மருத்துவத் தகவலியல் படித்த வைத்தியர்களும் இருந்தார்கள். வேலை நடக்கும் இடம் அவர்களுக்குப் பழக்கம். வேகம் அதனால் வந்தது என்றே நினைக்கிறேன்.

வெளியிலிருந்து வருகிறவருக்கு அப்படியில்லை. கிளினிக்கில் பதிகிற ஐயாவைக் கேட்டால், “பெயர், வயது, விலாசம் எழுதுவோம்” என்பார். பொய்யில்லை. ஆனால் யன்னலடியில் ஒரு நாள் இருந்து பாருங்கள். படுவான்கரையிலிருந்து விடிய பஸ் ஏறி வந்த அம்மாவின் பெயரோடு ஒரு கொப்பியில் தகப்பன் பெயர், இன்னொன்றில் புருஷன் பெயர். நமக்கேது குடும்பப் பெயர்? ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு ஒன்றில் மட்டும். ஐயா முகத்தைப் பார்த்தே இரண்டையும் சேர்த்து எடுப்பார். அதை ஒரு வேலையாகவே அவர் எண்ணுவதில்லை. நேர்காணலில் எப்படிச் சொல்வார்?

படிவத்தில் ‘தகப்பன் பெயரா, கணவன் பெயரா’ என்று சிறு கட்டம் ஒன்று வேண்டும். ஐயா ஓய்வுபெற முன்னர் யாராவது அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.