தொட்டுபொல மலையில் ஒரு காலை
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மலையேறினோம் என்றதும் வீரச்செயல் ஒன்றைக் கேட்கப்போவதாக எண்ணிவிடாதீர்கள். இலங்கையின் மூன்றாவது உயர்ந்த சிகரமாகிய தொட்டுபொல மலையின் உயரம் 7,733 அடி. ஆயினும் அது நிற்கும் ஹோட்டன் சமவெளியே ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் இருப்பதால், பட்டிப்பொல வாயிலருகிலிருந்து 2 கிலோமீற்றரளவு நடந்தால் உச்சி வந்துவிடும். முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களும் ஊன்றுகோலுடன் ஏறிவிடலாம்.

வாயிலிற் காவலர் எமது பைகளைச் சோதித்து, பாண் சுற்றிய பொலித்தீனை எடுத்துக்கொண்டார். இதற்கும் இத்தனை கெடுபிடியா என்று முணுமுணுத்தபடியே நடந்தோம்.

வழியெல்லாம் குடைபோலக் கவிந்த குள்ள மரங்கள். கிளைதோறும் பாசி. அன்று மழை இல்லை; எனினும் எமது சட்டைகள் நனைந்தன. தவழ்ந்துவரும் மூடுபனியை இலையும் பாசியும் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்குக் கொடுக்கின்றன. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று நதிகளுக்கும் இச் சமவெளியிலிருந்து நீர் செல்கிறது. ஆறில்லாத யாழ்ப்பாணத்திற் பிறந்து, துலா மிதித்த பாட்டன்மாரின் கதை கேட்டு வளர்ந்த எமக்கு, அந்தச் சொட்டுகளைப் பார்த்துக்கொண்டே நிற்கத் தோன்றியது.

பின்னர் நாம் செய்ததைச் சொல்ல வேண்டும். உச்சிக்குச் சற்றுக் கீழே, படம் எடுப்பதற்காக வழியை விட்டுச் சரிவில் இறங்கினோம். சப்பாத்தின் கீழ்ப் பாசி பாயைப்போல உரிந்து, கருமண் தெரிந்தது.

“மச்சான், உது இப்படி வளர எத்தனை வருஷம் செல்லும் தெரியுமோ?” என்றார் எம்முள் தாவரவியல் கற்பவர். எடுத்து ஒட்டிப் பார்த்தோம். ஒட்டவில்லை.

உச்சியில், உயிரோடு நின்ற மரங்களினிடையே பட்டுப்போன மரங்கள் வெள்ளெலும்பு போல நின்றன. வறட்சி, மண்ணின் கேடு என ஆராய்ச்சியாளர் காரணம் பல கூறுவர். 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும், 1988இல் தேசிய பூங்காவாகவும் ஆக்கப்பட்ட நிலம் இது. 2010இல் உலக மரபுரிமையிலும் சேர்ந்தது. சட்டம் வாயில்வரை எம்மைப் பார்த்தது. அதற்கு மேலே சென்றவை எமது கால்களே.

இறங்கும்போது ஒருவர் பின் ஒருவராக, வழியின் நடுவே நடந்தோம். அந்த இடத்தைக் கடக்கையில் எவரும் பேசவில்லை. “மேலே எப்படி?” என்று காவலர் சிரித்தபடி கேட்டார். பாசியைப் பற்றி அவரிடம் சொன்னீர்களா என்று கேட்பீர்கள். சொல்லவில்லை. இன்று உங்கள் முன்னிலையிலேதான் முதன்முறையாகச் சொல்கிறோம்.