ஒரு முறை பயன்படுத்திய நீருக்கு இன்னொரு வேலை உண்டு

(குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டம் ஒன்றில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2019 கோடையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீங்க. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு கிடந்தன. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணி வந்துச்சு. 50 வேகன்கள், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்த அந்த நீரை நாம் என்ன செய்தோம்? குளித்தோம், துவைத்தோம், ஃபிளஷ் பண்ணினோம். அன்றைக்கே சாக்கடையில் விட்டுவிட்டோம்.

ஏரியில் தண்ணி இல்லாத அந்த நாட்களிலும் பாதாளச் சாக்கடையில் தண்ணி ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. இன்றைக்கு நான் சொல்ல வந்தது அதைப் பற்றித்தான்.

ஒரு சின்ன கணக்கு போடுவோம். நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தேவை என்று வைத்துத்தான் குடிநீர்த் திட்டங்களை வகுக்கிறோம். அதில் சுமார் 80 சதவீதம் கழிவுநீராக வெளியேறும் என்பது பொறியாளர்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு. அந்த 135 லிட்டரில் 45 லிட்டர் ஃபிளஷுக்கு மட்டுமே போகிறது. 100 வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்றால் ஒரு நாளைக்கு 18,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஒன்றரை லாரி! காசு கொடுத்து வாங்கின தண்ணி, தினமும் கழிவறைக்குள்ளே போகுது.

இதை மாற்ற முடியாதா? சென்னையிலேயே மாற்றிக் காட்டியிருக்கிறார்கள். மணலியில் உள்ள பெரிய ஆலைகள் 1990-களிலிருந்தே கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்துகின்றன. 2019-இன் கடைசி மாதங்களில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 4.5 கோடி லிட்டர் திறன் கொண்ட மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு நிலையங்கள் திறக்கப்பட்டன. ஏற்கெனவே சுத்திகரித்த கழிவுநீரை மணல் வடிகட்டி, நுண் வடிகட்டி, ஆர்.ஓ. என்று மறுபடியும் வடிகட்டுகிறார்கள். கொடுங்கையூர் நீர் மணலி ஆலைகளுக்கும், கோயம்பேட்டு நீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளுக்கும் குழாயில் போகிறது. இரண்டு நிலையங்களின் ஒரு நாள் திறன் 9 கோடி லிட்டர். ஜோலார்பேட்டை ரயில் 36 நடை அடித்தால்தான் அவ்வளவு வரும். தொழிற்சாலைக்கு அந்த நீர் போகப் போக, அந்த அளவு நல்ல தண்ணீர் மக்களுக்கு மிச்சம்.

சரி, அரசு செய்வது இருக்கட்டும். நம்ம வீட்டுக் கதைக்கு வருவோம். நான் இருக்கும் அடுக்குமாடியில் ஆரம்பத்திலேயே எஸ்.டி.பி. கட்டிக் கொடுத்திருந்தாங்க. கரண்ட் பில் அதிகம் வருதுன்னு ராத்திரியில் ப்ளோயரை நிறுத்தச் சொன்னோம். அப்போ நானும் சங்க நிர்வாகத்தில் இருந்தேன், நானும்தான் தலையாட்டினேன். கழிவை உண்டு நீரைச் சுத்தமாக்குவது நுண்ணுயிர்கள். அவற்றுக்குக் காற்று வேணும். காற்றை நிறுத்தினால் அவை செத்துப் போகும். ஒரே வாரத்தில் ஃபிளஷ் தண்ணி நாற ஆரம்பிச்சது. "இந்தத் தண்ணியே வேணாம்"னு எல்லோரும் சொல்ல, எஸ்.டி.பி.யை மூடிட்டு லாரித் தண்ணியை ஃபிளஷுக்கும் திருப்பிட்டோம்.

2019-இல் எவ்வளவு பணம் கொடுத்தாலும் லாரி வரவில்லை. மூணாவது மாடியில் இருந்த ஒரு வயதான அம்மா, குடத்தோட கீழே வந்து நின்னதை இன்னும் மறக்க முடியலை. அன்றைக்குத்தான் புத்தி வந்தது. நன்றாக ஓடும் இன்னொரு எஸ்.டி.பி.யிலிருந்து கசடு கொண்டுவந்து போட்டு, நுண்ணுயிர்களை மறுபடி வளர்த்தோம். சில வாரங்களில் தண்ணி தெளிஞ்சுது. இப்போ ஃபிளஷுக்கும் தோட்டத்துக்கும் அதுதான். ப்ளோயரை நிறுத்தும் பேச்சையே யாரும் எடுப்பதில்லை.

அந்த அனுபவத்தில் சொல்கிறேன், நான்கு விஷயங்களைக் கவனியுங்க.

ஒன்று, வீட்டுக்குள்ளிருந்தே கவனம் தொடங்கணும். ஆசிட், பிளீச்சிங் பவுடர் எல்லாம் அளவில்லாமல் ஊற்றினால் நுண்ணுயிர்கள் சாகும். சமையல் எண்ணெயை சிங்க்கில் கொட்டாதீங்க. நாப்கினையும் டயாப்பரையும் கழிவறையில் போடவே கூடாது.

இரண்டு, மறுபயன்பாட்டு நீருக்குத் தனிக் குழாய், தனித் தொட்டி, தனி நிறம். பிளம்பர் வேலை செய்த பிறகு, குளியலறைக் குழாயோடு அது எங்கேயும் சேர்ந்துவிடவில்லை என்று நீங்களே பாருங்க. இந்த நீர் ஃபிளஷ், செடி, தரை கழுவ மட்டுமே.

மூன்று, பராமரிப்பை வாட்ச்மேன் தலையில் கட்டாதீங்க. தெரிந்தவரை நியமித்து, நீரை அவ்வப்போது பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்க. அந்த அறிக்கையை நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் சந்தேகம் தானாகவே தீரும். தொட்டிக்குள் ஆளை இறக்கவே கூடாது. சட்டப்படி அது குற்றம், உயிருக்கும் ஆபத்து.

நான்கு, தனி வீட்டுக்காரர்களும் செய்யலாம். துணி அலசின கடைசித் தண்ணியை வாசல் கழுவவும் கழிவறைக்கும் எடுத்துக்கலாம். மழைநீர்த் தொட்டியை ஐப்பசிக்கு முன்னாடியே தூர் எடுத்து வையுங்க. ஆனால் மழைநீர்க் குழாயைச் சாக்கடையில் சேர்க்காதீங்க. சேர்த்தால் மழை பெய்யும்போது சாக்கடைதான் பொங்கும்.

"என்ன இருந்தாலும் சாக்கடைத் தண்ணிதானே" என்று சிலர் முகம் சுளிப்பது புரிகிறது. நமீபியாவின் விண்ட்ஹூக் நகரம் 1968-இலிருந்து கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீராகவே வழங்குகிறது. நாம் கேட்பது கழிவறைக்கும் செடிக்கும் மட்டும்தானே?

அடுத்த வறட்சி எப்போ வரும்னு யாருக்கும் தெரியாது. லாரிக்குக் காத்திருப்பதா, நம்ம தண்ணியை நாமே திருப்பி எடுப்பதா என்பதை மட்டும் இன்றைக்கே முடிவு செய்யலாம். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும்போது உங்கள் எஸ்.டி.பி. அறையை ஒரு முறை எட்டிப் பாருங்க. ப்ளோயர் சத்தம் கேட்கிறதா என்று மட்டும் பாருங்க.