அவர் தந்த அதிகாரம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு நன்றி ஆராதனையில் ஆற்றப்பட்ட உரை)



தேவன் தம்முடைய பிள்ளைகளுக்கு அளித்திருக்கும் ஆவிக்குரிய அதிகாரத்தைப் பற்றி இன்று சிந்திப்போம். அதிகாரம் என்றதும் எம்மில் பலர் சற்றுப் பின்வாங்குவோம். அது பிரசங்க பீடத்தில் நிற்பவர்களுக்கே உரியது என்று எண்ணுவோம். ஆனால் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட எல்லாருக்கும் தேவனுடைய பிள்ளைகளாகும் அதிகாரம் கொடுக்கப்பட்டது என்று யோவான் முதலாம் அதிகாரம் கூறுகிறது. சமையலறையில் நிற்பவளுக்கும் சத்திரசிகிச்சைக் கூடத்தில் நிற்பவளுக்கும் அது ஒன்றே.

இந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது? மத்தேயு 8ஆம் அதிகாரத்தில் வரும் நூற்றுக்கு அதிபதி இதை நன்கு விளங்கியிருந்தான். தான் மேலதிகாரிக்குக் கீழ்ப்பட்டவன் என்பதால்தான் சேவகர் தன் சொல்லைக் கேட்கிறார்கள் என்பதை அவன் அறிந்திருந்தான். பாடசாலையில் நாமும் இதைக் கண்டிருக்கிறோம். மாணவத் தலைவியின் சின்னம் அணிந்த பிள்ளை கையை உயர்த்தினால் முழு மண்டபமும் அமைதியாகும். அந்த வலிமை அதிபருடையது. அவளே பிந்தி வந்து, வரிசையில் கதைத்துக்கொண்டு நின்றால், சின்னம் இருந்தும் சொல் எடுபடாது. ஸ்கேவாவின் குமாரர் ஏழுபேரும் இயேசுவின் நாமத்தைச் சொல்லியும் காயப்பட்டு ஓடினார்கள் என்று அப்போஸ்தலர் 19இல் வாசிக்கிறோம். நாமம் வாயில் இருந்தது; அவரோடு உறவு இருக்கவில்லை.

எதற்காக இது தரப்பட்டது? கட்டியெழுப்புவதற்கே என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் இருமுறை சொல்லுகிறார். ஆகவே நோயுற்றவரிடம் உங்களுக்கு விசுவாசம் போதாது என்று சொல்ல எமக்கு அதிகாரமில்லை. மருமகளை அடக்க வேதவசனத்தை எடுக்கவும் அதிகாரமில்லை. தேவனுக்குக் கட்டளையிடவும் முடியாது. கெத்செமனேயில் ஆண்டவரே பிதாவின் சித்தத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு நடந்தவர்கள் எம்மில் பலர் உண்டு. ஷெல்லை நிறுத்தவோ மழையை நிறுத்தவோ அன்று எம்மால் முடியவில்லை. அப்படியானால் எமக்கிருந்த அதிகாரம் என்ன? பயம் எம்மை ஆளாதபடி தடுக்கும் அதிகாரம். பக்கத்தில் நடந்த முன்பின் தெரியாத தாயின் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளும் அதிகாரம். பகையை எமது பிள்ளைகளுக்குச் சீதனமாகக் கொடுக்க மறுக்கும் அதிகாரம். கடைசியாகச் சொன்னது இன்றும் எம் கையில்தான் இருக்கிறது. மன்னிப்பது அநியாயத்தை மூடிமறைப்பதல்ல. செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐவரும் மோசேக்கும் சபை முழுவதற்கும் முன்பாக நின்று தமது உரிமையைக் கேட்டார்கள். அவர்கள் கேட்டது சரியென்று கர்த்தரே சொன்னார். நீதியைக் கேட்பதும் பகையை விடுவதும் ஒரே அதிகாரத்தின் இரு கைகள்.

1840இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த செல்வி எலைசா அக்னியூ அம்மையார், உடுவில் பெண்கள் பாடசாலையில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் கற்பித்தார். தாயகம் திரும்பாமலே 1883இல் மானிப்பாயில் மரித்தார். குருப்பட்டம் அவருக்கு இருக்கவில்லை. தாய்மாருக்குக் கற்பித்தார், பின்பு அவர்களுடைய மகள்மாருக்கும் கற்பித்தார். எத்தனையோ குடும்பங்களில் அவருடைய ஜெபம் வேரூன்றியது.

நாமும் நாளாந்தம் செய்யக்கூடியவை உண்டு. பிள்ளை வெளியே போகுமுன் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்போம். நள்ளிரவில் வெளிநாட்டிலிருந்து தொலைபேசி ஒலிக்கும்போது, எடுக்குமுன் ஆண்டவரின் நாமத்தைச் சொல்லுவோம். எமது காதுக்கு வந்த புறணி எம்மோடு முடியட்டும். காணிப் பிரச்சினையில் கதையாமல் இருக்கும் சகோதரத்தோடு முதலில் நாமே கதைப்போம்.

எழுபது சீஷர்கள் பிசாசுகள் தமக்குக் கீழ்ப்படிந்ததாகச் சந்தோஷத்தோடு திரும்பி வந்தபோது, தங்கள் பெயர்கள் பரலோகத்தில் எழுதப்பட்டிருப்பதற்காகவே சந்தோஷப்படும்படி ஆண்டவர் சொன்னார். எமது பாடசாலையின் வரவு இடாப்பில் எம் பெயர்கள் என்றோ வெட்டப்பட்டுவிட்டன. அவருடைய புத்தகத்தில் அவை நிலைத்திருக்கின்றன. அந்தத் துணிவோடு அடுத்த நூற்றாண்டுக்குள் செல்வோமாக. ஆமென்.